எரிமலைகள் மூவகைப்படும்

எங்கள் ஊரில் என் வயதொத்த யாரை நிறுத்தி முதல் உலகப் போர் எதனால் மூண்டது என்று கேட்டாலும் ஈரப் போர்வையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். மொட்டை மாடிக் கொடியில் மூன்றாம் வீட்டுக்காரி காயப்போட்ட போர்வை காற்றில் நழுவி இரண்டாம் வீட்டுக்காரியின் காய்ந்த சட்டைமேல் விழுந்தது. இவளுக்குப் பரிந்துகொண்டு கொழுந்தன் வந்தான். அவளுக்குப் பரிந்துகொண்டு மாடி வீட்டுக்காரர் வந்தார். கொழுந்தனுக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் தண்ணீர்க் குழாய் விஷயத்தில் ஏற்கெனவே ஆகாது. சாயங்காலத்துக்குள் கட்டடமே இரண்டுபட்டது. போர்வை யாருக்கும் ஞாபகமில்லை. நாங்கள் படித்த நோட்ஸில் கூட்டணிகள் என்றால் இவைதாம் என்று போட்டு, அதன் கீழே நாடுகளின் பெயர்களும் ஆண்டுகளும் ஒழுங்காக எழுதியிருக்கும். ஒருமுறை படித்தால் போதும், மண்டையில் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

இதை எழுதியவரை நாங்கள் நோட்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். நிறையப் படித்தவர். கொஞ்ச காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். ஆனால் அவருக்கு வாய்த்தது பூனைக்குட்டிக் குரல். அவர் ஏதாவது சொன்னால் முதல் பெஞ்சு விழுந்து விழுந்து சிரிக்கும். கடைசி பெஞ்சு, “எதுக்குடீ சிரிக்கிறாங்க?” என்று கேட்கும். அக்கா திரும்பச் சொல்வதற்குள் மணி அடித்துவிடும். பொறுத்துப் பார்த்த அக்கா, வகுப்பில் சொன்னதையெல்லாம் கடைசி பெஞ்சுக்காக எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். அந்தத் தாள்கள் முதல் பெஞ்சுக்குப் போயின, பக்கத்து வகுப்புக்குப் போயின, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் போயின. கடைசியில் அவரே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கடைத்தெரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். மேலே அக்கா எழுதுவார். கீழே கடைக்காரர் நகலெடுத்து ஸ்டேப்ளர் அடித்து அடுக்குவார். பூகோளம், வரலாறு, இயற்பியல், வேதியியல், இலக்கணம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

“வீட்டுக்குள்ள இல்லாத விஷயம் எந்தப் பாடத்துலயும் கிடையாது” என்பார் அக்கா. சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை. உராய்வு விசைக்கு அவரே சோப்புத் தண்ணீரில் வழுக்கி, துணி வாளியோடு கூடம் வரைக்கும் போய்ச் சேர்ந்த கதையை எழுதினார். ஒலியியல் முழுக்க அவருடைய கணவரின் குறட்டை. அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அலைநீளம், வீச்சு, அதிர்வெண் எல்லாம் அவர் மல்லாந்து படுப்பதையும் ஒருக்களித்துப் படுப்பதையும் வைத்தே விளங்கிவிடும். வேதியியலில் வினையூக்கி என்று ஒன்று வருமே, அதற்கு ஜெராக்ஸ் கடைக்காரர்: “இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேச்சைச் சூடாக்கிவிட்டு, தான் மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் தாள் எண்ணிக்கொண்டிருப்பவர்.” கடைக்காரர் அதைப் படித்துவிட்டு வாயெல்லாம் பல்லாக ஒரு வாரம் திரிந்தார்.

அண்ணியைப் பற்றி எழுதியதை மட்டும் அக்கா அண்ணியிடம் சொல்லவில்லை.

அண்ணி என்றால் அக்காவின் நாத்தனார், மெக்கானிக்கின் மூத்த சகோதரி. அதே வீட்டில்தான் இருந்தார். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அண்ணி கேட்ட கேள்விகளில் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவர்கள். கண் ஆஸ்பத்திரியில் முன்மேசை அவருடையது. சீட்டு எழுதுவது, வரிசையை ஒழுங்கு பண்ணுவது, கண்ணில் சொட்டு மருந்து விட்டவர்களை அசையாமல் உட்கார வைப்பது. அவர் ஒரு அதட்டல் போட்டால் சொட்டு மருந்தே பயந்து உள்ளே போய்விடும் என்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். திட்டிக்கொண்டே தம்பியின் சட்டைக்குப் பொத்தான் தைப்பார், திட்டிக்கொண்டே அக்காவின் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பார், திட்டிக்கொண்டே காய்ச்சல் வந்தவர் நெற்றியில் ஈரத்துணி மாற்றுவார். இப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு எரிமலைப் பாடத்துக்கு அக்கா வேறு எங்கே போவார்?

அந்தப் பக்கம் இப்படி இருந்தது:

“எரிமலைகள் மூவகைப்படும். ஒன்று, செயல்படும் எரிமலை: காலையில் குளியலறைக் கதவைத் தட்டினால் எங்கள் அண்ணி. இரண்டு, உறங்கும் எரிமலை: ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் எங்கள் அண்ணி. நம்பி அருகில் போகக்கூடாது. மூன்று, அணைந்த எரிமலை: எங்கள் வீட்டில் இல்லை.”

பரீட்சைக்கு முந்தைய வாரம் என் தோழிக்குக் கண் உறுத்தல். துணைக்கு நானும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போதும் கையில் நோட்ஸ். முன்மேசையிலிருந்து, “ஏய், அங்க என்ன சத்தம்? நேரா நில்லு! இது என்ன ஆஸ்பத்திரியா, பொருட்காட்சியா?” என்று ஓர் இடி இறங்கியது. தோழி என் காதைக் கடித்தாள்.

“செயல்படும் எரிமலைடீ!”

“இன்னும் புகைதான் வருது” என்றேன் நான்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். மேசைக்குப் பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அண்ணி என் எதிரே வந்து நின்றார்.

“என்ன சொன்ன?”

பயந்தால் மனப்பாடம் செய்தது தானாக வெளியே வரும் கோளாறு எனக்கு உண்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, “எரிமலைகள் மூவகைப்படும். ஒன்று...” என்று ஆரம்பித்தவள் “எங்கள் வீட்டில் இல்லை” வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டேன். கண்ணில் கட்டுப் போட்டிருந்த பெரியவர் ஒருவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு பரவியது. டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அண்ணி என் கையிலிருந்த நோட்ஸை வாங்கினார். கையெழுத்தைப் பார்த்தார். தம்பி மனைவியின் குண்டுக் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? தாளை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, “அடுத்தது யாரு?” என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. அதுதான் எங்களுக்குக் கிலி.

வீட்டில் நடந்ததைப் பின்னால் அக்காவே சொல்லக் கேட்டேன். அண்ணி வந்தார், தாளை மேசைமேல் வைத்தார், கைகால் கழுவப் போனார். ஒரு வார்த்தை இல்லை. மறுநாளும் இல்லை. திட்டாமலே பொத்தான் தைத்தார். திட்டாமலே பரிமாறினார். மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை.

“நீ போய் கால்ல விழுந்துடு” என்றார் மனைவியிடம்.

“விழுந்தேங்க. நகர்ந்து நின்னுக்கிட்டாங்க.”

“நான் வேணா பேசட்டுமா?”

“வீட்டுல இருந்த நோட்ஸையெல்லாம் எடுத்து உங்க குறட்டையையும் படிச்சிட்டாங்க. ஒலியியல் பக்கத்துல விரலை வச்சுக்கிட்டு உங்களையே பாத்துக்கிட்டிருந்தாங்க.”

அக்கா ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார். பூகோள நோட்ஸையெல்லாம் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்றார். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“தாளைத் திரும்ப வாங்கலாம் அக்கா. மண்டையில ஏறினதை எப்படி வாங்குறது? ஊரே ஒப்பிக்குது. எங்க வீட்டுக் கிளி மட்டும்தான் பாக்கி.”

“கேள்வி வராம இருந்தாலாவது தேவல” என்றார் அக்கா அழாக்குறையாக.

வந்தது. நகரத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வித்தாள். பிரித்தவுடன் முதல் நெடுவினா: “எரிமலைகளின் வகைகளைத் தக்க உதாரணங்களுடன் விளக்குக.” எங்கள் பரீட்சை அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது, எல்லார் முகத்திலும் ஒரே ஒளி. கண்காணிக்க வந்த ஆசிரியை எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். பேனாக்கள் பறந்தன. அவசரத்தில் எங்களில் பலர் உதாரணத்தையும் விளக்கத்தையும் பிரித்தறியும் நிலையில் இல்லை. ஒரே பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கும் அன்று அண்ணி இருந்தார். “அணைந்த எரிமலை: எங்கள் வீட்டில் இல்லை” என்று நானே எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

விடைத்தாள் திருத்தும் இடம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் நீள மண்டபம். அங்கே நடந்ததை அங்கிருந்த பூகோள வாத்தியார் ஒருவர் ரசித்து ரசித்துச் சொல்லியிருக்கிறார். ஒல்லியாக, கொக்கு மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் மடித்த வரைபடம் ஒன்று இருக்கும். முதல் தாளில் அண்ணியைப் பார்த்ததும் சிரித்தார். இரண்டாம் தாளிலும் அண்ணி. கட்டுக் கட்டாக அண்ணி. பக்கத்து மேசையில், “உங்க தாள்ல குளியலறை வருதா?” என்று கேட்டார்கள். “வருது, வருது.” அன்று மண்டபத்தில் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைக்காதவர்கள் இல்லை.

தலைமைத் தேர்வாளர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “ஊருக்கெல்லாம் ஒரே அண்ணியா? இது கூட்டுக் காப்பி. அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் பூஜ்யம்” என்றார்.

“ஒரே நோட்ஸ் சார். காப்பி இல்ல” என்றார் பூகோள வாத்தியார்.

“அப்ப நோட்ஸ் எழுதின அம்மா நாளைக்கு வந்து நேர்ல விளக்கம் சொல்லட்டும்.”

செய்தி ஜெராக்ஸ் கடை வழியாக வீட்டுக்கு வந்தபோது அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தன் வேடிக்கையால் ஊர்ப் பிள்ளைகள் தோற்பதா? மறுநாள் காலை மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கூடத்தில் நின்று தலை வாரிக்கொண்டிருந்த அண்ணி எதுவும் கேட்கவில்லை. ஆனால் காதில் விழுந்திருக்கிறது.

பிள்ளைகளில் கொஞ்சம் பேர் மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே கூடியிருந்தோம். உள்ளே அக்கா எழுந்து நின்று பேசுவது தெரிந்தது. என்ன பேசுகிறார் என்பது தெரியவில்லை.

“சத்தமா சொல்லுங்கம்மா” என்றார் தலைமைத் தேர்வாளர்.

அக்கா சொன்னார். மின்விசிறிக்குத்தான் கேட்டிருக்கும்.

“என்னது? கேக்கல!”

அப்போது எங்களை விலக்கிக்கொண்டு ஒரு குடை உள்ளே போனது. குடைக்குப் பின்னால் அண்ணி. வேலைக்குக் கிளம்பியவர் ஆஸ்பத்திரியின் நீலக் கோட்டோடு வந்திருந்தார். மண்டபத்தின் நடுவில் போய் நின்றார்.

“யாருக்குக் கேக்கல?”

அத்தனை ஜன்னல்களும் அதிர்ந்தன. தலைமைத் தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க யாரும்மா?”

“நான்தான் அந்த அண்ணி! இந்த ஊரு பூராவுக்கும் அண்ணி! காலையில குளியலறைக் கதவைத் தட்டினா கத்துவேன். ஆமா, கத்துவேன்! தட்டிப் பாருங்க தெரியும்! ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டுத் தூங்குவேன். எழுப்பினா அதுக்கும் கத்துவேன். இதுல எது பொய்யி? செயல்படும் எரிமலைன்னா என்னன்னு பிள்ளைங்களுக்குப் புரிஞ்சிருக்கா இல்லையா? புரிஞ்சிருந்தா மார்க்கைப் போடுங்க! என்னை வச்சுப் படிச்ச பிள்ளை ஒண்ணுகூட ஃபெயிலாகக் கூடாது. ஆச்சுன்னா இந்த மண்டபத்தை விட்டு நான் நகர மாட்டேன்!”

குடையால் தரையை ஒரு குத்துக் குத்தினார். எங்கோ ஒரு விடைத்தாள் கட்டு சரிந்து விழுந்தது.

அப்புறம் பூகோள வாத்தியார் எழுந்தார். எழுந்து முடிக்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

“சார், கேள்வியில ‘தக்க உதாரணங்களுடன்’னு இருக்கு” என்றார். “இதைவிடத் தக்க உதாரணத்தை நான் எந்தப் புத்தகத்துலயும் பாத்ததில்ல.”

மண்டபம் வெடித்தது. ஜன்னலுக்கு வெளியே நாங்கள் கைதட்டினோம், ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம், ஒருத்தி செருப்பைத் தொலைத்தாள். தலைமைத் தேர்வாளரின் மீசை துடித்தது. முதலில் கோபம் என்று நினைத்தோம். தாங்க முடியாமல் அவரும் மேசையில் கவிழ்ந்து குலுங்கினார். எரிமலைப் பெயர்களுக்குப் பதில் அண்ணி என்று எழுதியதற்காக ஆளுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, மற்ற மார்க்கையெல்லாம் போடச் சொன்னார்.

வெளியே வந்த அண்ணியை நாங்கள் சூழ்ந்துகொண்டோம். “தள்ளுங்க, தள்ளுங்க, வேலைக்கு லேட்டாச்சு” என்று குடையை வீசினாரே தவிர முகத்தில் வேறு என்னவோ ஓடியது. அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் நின்றார்.

“அண்ணி, மன்னிச்சிடுங்க அண்ணி.”

“மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். உன் புருஷன் குறட்டைக்கு முழுசா ஒரு பாடம், எனக்கு அரைப் பக்கமா? வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்!”

திட்டு திரும்பி வந்துவிட்டது. மெக்கானிக் வானத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

அதற்கடுத்த வாரம் பூகோள வாத்தியார் கண் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார். அன்றும் என் தோழிக்குக் கண் உறுத்தல். உண்மையைச் சொன்னால் உறுத்தல் ஒன்றும் இல்லை, நாங்கள் அண்ணியைப் பார்க்கத்தான் போயிருந்தோம்.

“என்ன பிரச்சினை?” என்று சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார் அண்ணி.

“விடைத்தாள் திருத்தித் திருத்திக் கண்ணு எரியுதுங்க.”

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப தூரம் நிமிர வேண்டியிருந்தது.

“எந்தத் தாளு?”

“பூகோளம்.”

“உக்காருங்க.” சொட்டு மருந்தை எடுத்துவந்து அவரே விட்டார். “மூடுங்க கண்ணை. திறக்கக்கூடாது.”

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். கண் மூடியதும் அவருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

“ஒண்ணு சொல்லட்டுங்களா? ஆபத்துன்னு தெரிஞ்சும் ஜனங்க ஏன் எரிமலைக்குப் பக்கத்துலயே வீடு கட்டிக்கிட்டு இருக்காங்க, தெரியுமா?”

“ஏன்?”

“மண்ணு அவ்வளவு வளம். போட்டதெல்லாம் விளையும். ஒருதடவை குடி வந்தவங்க லேசுல நகர மாட்டாங்க.”

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். அண்ணி பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். காது மடல் இரண்டும் செக்கச் சிவந்தன.

“அது நோட்ஸ்ல இல்லையே” என்றார் கடைசியில். அந்தக் குரலை நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

“அடுத்த தடவை சேத்துக்கச் சொல்லுங்க.”

அன்று சாயங்காலம் அண்ணி ஜெராக்ஸ் கடை மாடிப்படி ஏறிப் போய் அக்காவின் மேசை எதிரே நின்றாராம்.

“எரிமலைப் பாடத்துல மண்ணு வளத்தை ஏன் விட்டுட்ட?”

“எந்த மண்ணு அண்ணி?”

“மண்ணாம் மண்ணு! எரிமலைப் பக்கத்து மண்ணுதான். வாத்தியார் சொல்றாரு.”

“எந்த வாத்தியார்?”

அண்ணி கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காவுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்த வேகத்தில் மேசை ஆடி, மைக்கூடு வேதியியல்மேல் கவிழ்ந்தது. அண்ணியை இடுப்போடு கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். “விடு, விடு, என்னை என்ன ராட்டினம்னு நினைச்சியா!” என்று அண்ணி கத்தியது கடைத்தெரு முழுக்கக் கேட்டது. கீழே கடைக்காரர் நகலெடுக்கிற இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தாளும் கையுமாக மேலே ஓடி வந்தார். ஃபிரிட்ஜ் ஒன்றைப் பாதி பிரித்த இடத்தில் மெக்கானிக்குக்குத் தகவல் போனது; அவர் அதை அப்படியே விட்டுவிட்டு, திருப்புளியைக் காதில் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“அக்கா, நிஜமாவா?” என்று அவர் அண்ணியைப் பார்த்துக் கேட்டார்.

“கத்தாதடா” என்றார் அண்ணி. “பக்கத்துக் கடைக்குக் கேக்கப் போவுது.”

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் எளிமையாக நடப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் செய்தி பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டது. தெருமுனை வரைக்கும் பிள்ளைகள். பதிவாளர் சாட்சிக் கையெழுத்துக்கு யார் என்று கேட்டதுதான் தாமதம், “நானு, நானு” என்று ஜன்னல் கம்பிகளுக்குள் அத்தனை கைகள் நீண்டன. “வரிசை!” என்று மணப்பெண் ஓர் அதட்டல் போட்டார். பதிவாளர் உட்பட எல்லாரும் வரிசையில் நின்றோம். மாப்பிள்ளை மட்டும் வரிசையில் நிற்காமல் சிரித்துக்கொண்டே இருந்தார். கையெழுத்துப் போடும் இடத்தைக்கூட அண்ணிதான் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

அக்கா இப்போதும் எழுதுகிறார். போன வாரம் என் மகளுக்கு நோட்ஸ் வாங்க மாடி ஏறினேன். காற்றழுத்தம் பாடம் எழுதிக்கொண்டிருந்தார். தாளைக் காட்டாமல் கையால் மறைத்துக்கொண்டார். நான் எட்டிப் பார்க்க, அவர் இழுக்க, இரண்டு பேருமாகச் சிரிப்புத் தாங்காமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டோம். பார்த்த ஒரே வரி இது: “உயர் அழுத்தப் பகுதியிலிருந்து தாழ்வழுத்தப் பகுதியை நோக்கிக் காற்று வீசும். ஆகவே, அண்ணி சமையலறையில் இருக்கும்போது வாத்தியார் பால்கனியில் இருப்பார்.”